ஆரணியின் முழங்காலும் டௌப்போவின் இறுதியாட்டமும்

டௌப்போவுக்குப் போவது என்று எங்கள் வீட்டில் யாரும் முடிவு செய்யவில்லை. இருந்தும் குளிர்காலம் முடிகிற அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஆக்லாந்தின் ரானுயி பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் கார் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் இடது காலை நீட்டிப் போட்டுக்கொண்டு எங்கள் மகள் ஆரணி உட்கார்ந்திருந்தாள். முழங்காலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. மேலே காலேஜின் பச்சை டிராக்சூட்.

நியூசிலாந்தில் காலேஜ் என்றால் பதின்மூன்று வயதில் சேர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வருகிற பள்ளிக்கூடம்தான். ஆரணி சேர்ந்த ஆண்டிலிருந்து அதன் கால்பந்து அணியில் இருந்தாள். கோல்கீப்பர். ஏழு வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பந்தைப் பிடிக்கத் தாவிவிட்டு இறங்கும்போது கால் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துபோனது. என் மனைவி சுகந்தி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். படத்தைத் திரையில் பார்த்ததும் டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஆரணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். தோழிகள் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னாள். அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினாள். கால்பந்து என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அணியோ அவள் இல்லாமலே ஜெயித்துக்கொண்டு போனது. நாடெங்கும் இருந்து வந்த பெண்கள் காலேஜ் அணிகள் ஒரு வாரமாக ஏரிக்கரை ஊரான டௌப்போவில் மோதிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இறுதி ஆட்டம். அதில் எங்கள் பச்சைச் சட்டைகள்.

அன்று காலை நான் ஒரே நாளிதழை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துக்கொண்டிருந்தேன். சுகந்தி குளிர்பதனப் பெட்டியைத் துடைத்தாள். துடைத்ததை மறுபடி துடைத்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு அகதியாக இங்கே வந்தவள். நான் ஈரோட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். அவளிடமிருந்து நான் கற்ற சொற்களில் ஒன்று அந்தரம். இருப்புக் கொள்ளாமல் தவிப்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். ஈரோட்டுக்காரன் பத்து வார்த்தையில் சொல்வதை ஒரே சொல்லில் முடித்துவிடும். அன்று காலை எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அந்தரம்.

ஆரணி டிராக்சூட்டோடு படியிறங்கி வந்து, "போறோமா இல்லையா?" என்றாள்.

அவள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். படிப்பவர்கள் வசதிக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன். அவளுடைய தமிழில் அம்மாவின் ஓமும் என் ஆமாவும் சேர்ந்து 'ஓமா' என்று ஒரு சொல் உண்டு. வேறெந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை.

"எங்கடா கண்ணு?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"டௌப்போக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி துணியைக் கீழே போட்டாள். "பத்து நிமிசம். தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கிறன். சம்பல் சாண்ட்விச்சும் கிடக்கு. கெதியா வெளிக்கிடுங்கோ." போகாத பயணத்துக்குத் தேநீர் ஏன் ஊற்றி வைத்தாள், சாண்ட்விச் எப்போது செய்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சாவியைத் தேடுவதற்கே எனக்கு அந்தப் பத்து நிமிடமும் போதவில்லை.

ரானுயியிலிருந்து டௌப்போ சுமார் இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். வழியில் நிற்காமல் போனால் மூன்றரை மணி நேரம். காரில் இருக்கும் வழிகாட்டித் திரை, வந்து சேரும் நேரம் ஒன்று ஐந்து என்றது. லிங்கன் ரோடில் நெடுஞ்சாலை ஏறி, வாட்டர்வியூ சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தபோதும் ஒன்று ஐந்துதான். பாப்பகூராவில் சாலை வேலை. மூன்று வரிசை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கார்கள் ஊர்ந்தன. ஒன்று இருபது. ஆரணி பின்னாலிருந்து எட்டி எட்டித் திரையைப் பார்த்தாள். சுகந்தி வானொலியைப் போட்டாள், நிறுத்தினாள், கண்ணாடியை இறக்கினாள், குளிர் அடிக்கிறது என்று ஏற்றினாள்.

"கொஞ்சம் சும்மா இரேன்," என்றேன்.

"நான் சும்மாதான் இருக்கிறன். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."

ஆக்லாந்தின் தெற்கு எல்லையில் இருப்பது பாம்பே மலை. ஆள்களை ஏற்றி வந்த பழைய கப்பல் ஒன்றின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டதாம். நிஜ பம்பாய்க்கு நான் போனதில்லை. இந்தப் பாம்பேயைக் கணக்கில்லாமல் தாண்டியிருக்கிறேன். வலப்புறம் பிரிகிற சாலை புக்கெகோஹிக்குப் போகிறது. அந்தப் பக்கத்து மண் செம்மண். உழுது போட்ட வெங்காய வயல்கள் மேடு பள்ளமாகத் தூரம் வரை தெரியும். பெட்ரோல் போட நிறுத்தினேன். கடையில் ஒரு காபி ஆறு டாலர். வீட்டுத் தேநீர் இருக்கும்போது அது எதற்கு என்று சுகந்தி தடுத்துவிட்டாள். ஆரணி இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் புக்கெகோஹி பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஃபெட்டுவோட அப்பா அங்கதான் வேலை செய்றார்," என்றாள்.

ஏழு வாரத்தில் அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஃபெட்டு பதினான்கு வயதுச் சமோவப் பெண். ஆரணிக்கு அடுத்த நிலையில் கோல்கீப்பராக இருந்தவள். ஆரணி விழுந்த நிமிடத்தில் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனவள். ஃபெட்டுவின் தந்தைக்குக் காய்கறி பொதி செய்யும் கூடத்தில் வேலை, சனிக்கிழமையும் உண்டு. அதனால் மகள் ஆடுவதை அவர் பார்க்க வந்ததில்லை என்று ஆரணி சொன்னாள். சுகந்தி தேநீர்க் குடுவையின் மூடியை இறுக்கினாள்.

பாம்பே தாண்டியதும் வைக்கட்டோ நெடுஞ்சாலை. ஹண்ட்லி, ஹாமில்டன், கேம்பிரிட்ஜ் என்று எந்த ஊருக்குள்ளும் நுழையாமல், எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிற சாலை. இரண்டு பக்கமும் பச்சை. பசுக்கள். மறுபடியும் பச்சை. மணிக்கு நூற்றுப் பத்து போகலாம், நானும் போனேன். திரை ஒன்று பதினைந்துக்கு இறங்கியது. டோகரோவாவுக்குப் பிறகு புல்வெளி முடிந்து பைன் காடு தொடங்கும். காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும். ஆட்டியாமுரிக்குச் சற்று முன்னால் எங்கள் வரிசை அப்படியே நின்றுவிட்டது.

வளைவுக்கு அப்பால் ஒரு மரக்கட்டை லாரி சாய்ந்து கிடக்கிறதாம். ஆரஞ்சு அங்கி போட்ட ஒரு மாவோரிக்காரர் கையில் நின்றுபோ பலகையோடு கார் காராக வந்து சொன்னார். ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாகப் போ' என்று எழுதிய வட்டப் பலகை அது. நான் கண்ணாடியை இறக்கினேன்.

"அரை மணி நேரம் ஆகலாம், பாஸ். அவசரமா?"

"இரண்டு மணிக்கு டௌப்போவில் ஒரு மேட்ச். பெண்கள் காலேஜ் ஃபைனல்."

அவர் குனிந்து பின் இருக்கையைப் பார்த்தார். பச்சை டிராக்சூட்டைப் பார்த்தார். "நீதான் ஆடுறியா, தங்கச்சி?"

"ஆடிக்கிட்டிருந்தேன்," என்றாள் ஆரணி.

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டை பட்டது. "ஓ," என்றார். கூரையை இரண்டு முறை மெல்லத் தட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

இஞ்சினை அணைத்தேன். பைன் மரங்களின் மேலே காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து, "திரும்பிப் போகலாம்ப்பா," என்றாள் ஆரணி.

"ஏன்டா? லாரியை எடுத்துடுவாங்க."

"அதுக்கில்ல."

நான் திரும்பினேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"செமிஃபைனல் அன்னிக்கு போன்ல ஸ்கோர் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவங்க தோக்கணும்னு நினைச்சேன். நிஜமாவே நினைச்சேன். ஜெயிச்சதும் போனைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். இன்னிக்கும் அப்படித்தான் நினைப்பேன். அது என் மூஞ்சில தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

அவள் போனின் மூலையில் இருந்த விரிசலுக்கு எனக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது. வண்டியைத் திருப்புவதுதான் நல்லது என்றே பட்டது. இஞ்சினைப் போட்டேன்.

"திருப்பாதேங்கோ," என்றாள் சுகந்தி.

"அவளுக்கு வேண்டாம்னா வேண்டாமே. எதுக்கு அவளைக் கஷ்டப்படுத்தணும்?"

"திருப்பாதேங்கோ எண்டு சொல்லுறன்." இருக்கைப் பட்டையைக் கழற்றி முழுதாகப் பின்னால் திரும்பினாள். "தெரிஞ்சாத் தெரியட்டும், பிள்ளை. உனக்கு மட்டுமே அப்பிடி வரும்? எல்லாருக்கும் வரும். வாய மூடிக்கொண்டு வந்து பார். பாத்திட்டு வந்து சொல்லு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்து வருடம் கால்பந்து பார்க்கப் போனவன் நான். சுகந்தியும் கூட வருவாள். ஆட்டம் தொடங்கும் விசில் ஊதியதும் எழுந்து போய்விடுவாள். கார்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். மகள் கோலில் நிற்பதைப் பார்க்கத் தைரியம் கிடையாது. ஆரவாரம் கேட்டால் எனக்குப் போன் போட்டு, "என்ன நடந்தது? பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?" என்பாள். கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதே இவளுக்குத் தெரியுமா என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவளா இன்று வண்டியைத் திருப்ப விடமாட்டேன் என்கிறாள்?

எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே பலகை திரும்பியது. மெதுவாகப் போ. எனக்குப் பின்னால் இருந்த வண்டி ஹாரன் அடித்தது. வளைவில் கவிழ்ந்த லாரியும், சாலையோரம் தீக்குச்சிகள் மாதிரி சிதறிக் கிடந்த மரங்களும் எங்களைக் கடந்து போயின. ஓட்டுநர் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வைராகேயில் பூமியிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுக்கும் இடம். நாங்கள் நிற்கவில்லை. மலை இறக்கத்தில் டௌப்போ ஏரி விரிந்தது. அக்கரையில் பனி மூடிய மலைகள், வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. "ஒன்று நாற்பது," என்றாள் ஆரணி. அவள் பார்த்தது திரையைத்தான்.

மைதானம் ஏரியிலிருந்து சற்று உள்ளே இருந்தது. ஏரிக்காற்றில் கோல் வலைகள் ஊதிப் புடைத்து நின்றன. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. வாசலில் ஒரு காலேஜ் பெற்றோர் குழு தொத்திறைச்சி சுட்டு, ரொட்டியில் சுருட்டி மூன்று டாலருக்கு விற்றது. பச்சைச் சட்டைகள் தூரத்துக் கோலருகே பந்து உதைத்துப் பழகிக்கொண்டிருந்தன. ஆரணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

முதலில் எங்களைப் பார்த்தவர் டெப், அணியின் பயிற்சியாளர். ஐம்பது வயதிருக்கும், உயரமானவர், தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். ஆரணியைக் கட்டிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டார். பிறகு ஆரணியின் தலைக்கு மேலாக, "சூ! வந்துட்டீங்களா! உங்க நாற்காலியை வழக்கமான இடத்துல போட்டுட்டேன். வராமல் இருக்கமாட்டீங்கன்னு தெரியும்," என்றார்.

சூ என்பது யார் என்று புரிவதற்கே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் கோல் பக்கமிருந்து குள்ளமாக, உறுதியாக, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் பெரிய கையுறைகள். "ஆன்ட்டி சூ!" என்று சுகந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் பக்கத்தில் நின்ற ஆரணியைக் கண்டாள். கைகள் தாமாக இறங்கின.

"ஹாய், ஆரணி," என்றாள் ஃபெட்டு.

"ஹாய்."

"சட்டைக்கு தேங்க்ஸ்."

அவள் போட்டிருந்தது ஒன்றாம் எண் சட்டை. இடது தோளில் ஒரு தையல் இருந்தது. அதைத் தைத்தவன் நான். ஆரணி அந்தத் தையலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். திரும்பி, பட்டை போட்ட காலை இழுத்துக்கொண்டு, கார்கள் நின்ற பக்கம் நடக்கத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம்.

எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றுதான் அந்தச் சண்டை நடந்தது.

"எத்தனை மேட்ச்?" என்றாள் ஆரணி.

"எல்லாம்," என்றாள் சுகந்தி. "இந்தக் கிழமை முழுக்க இஞ்ச நடந்ததைத் தவிர எல்லாம்."

"சனிக்கிழமை எக்ஸ்ட்ரா ஷிஃப்ட்னு சொன்னியே?" இதைக் கேட்டவன் நான்.

"பொய் சொன்னனான்."

முதல் சனிக்கிழமை அவள் போனது சட்டையைத் திருப்பிக் கொடுக்க. அது காலேஜின் சட்டை; டெப் இரண்டு முறை செய்தி அனுப்பியும் ஆரணி பதில் போடவில்லை. துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனவள், ஆட்டம் தொடங்கிவிட்டதால் அங்கேயே நின்றாள். முடிந்ததும் ஃபெட்டுவை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. அடுத்த வாரமும் போனாள்.

"நம்ம காரிலயா?" என்றாள் ஆரணி.

"ஓம்."

"முன் சீட்டிலயா?"

"பின்ன, டிக்கியிலயே ஏத்திறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆரணி சிரிக்கவில்லை. அழுதாள். "நான் அறையில படுத்துக் கிடந்தேன். நீங்க போய் அவளுக்குக் கை தட்டிக்கிட்டு இருந்தீங்க. என் ஆட்டத்தை ஒரு நாள் பார்த்திருக்கீங்களாம்மா? ஒரே ஒரு நாள்?"

சுகந்தி காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு சொன்னதை, என் நினைவில் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

"இல்லை. பாக்கேல்ல. உனக்கு அடிபட்ட அண்டைக்கும் நான் கார் பார்க்கிலதான் நிண்டனான். நீ விழுந்ததைக்கூடக் காணேல்ல, சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்தப் பிள்ளை நிக்கேக்கதான் முதல் தரம் இருந்து பாத்தன். என்ர பிள்ளை இல்லைத்தானே, பயமில்லாமல் பாத்தன். ஒவ்வொரு பந்தும் வரேக்க அவள் எங்க நிக்கிறாள், ஆரைக் கூப்பிட்டுச் சொல்லுறாள், எப்ப வெளியில வாறாள், எல்லாம் பாத்தன். அப்பதான் விளங்கினது, அஞ்சு வருசமா நீ என்ன செய்துகொண்டிருந்தனி எண்டு. நான் பாக்காமல் விட்டது எவ்வளவு எண்டு. அதுக்குப் பிறகு போகாமல் இருக்க ஏலாமப் போச்சு. ஆனா உனக்கு எப்பிடிச் சொல்லுறது?"

மைதானத்தில் விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஆரணி முகத்தைத் துடைத்தாள். "நீங்க போய்ப் பாருங்க," என்றாள். அது கோபமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நான் இங்க நிக்கிறேன்."

சுகந்தி போனாள். டெப் போட்டு வைத்திருந்த நாற்காலியில், கோலுக்குப் பக்கவாட்டில், முழங்கால்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவே அலைந்தேன். பத்து நிமிடம் கோட்டோரம், ஐந்து நிமிடம் கார்களுக்கு நடுவில். எதிரணி தெற்குத் தீவிலிருந்து வந்த ஒரு காலேஜ். சிவப்புச் சட்டை, எல்லோரும் எங்கள் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம். முதல் பாதியிலேயே மூலையிலிருந்து உதைத்த பந்து காற்றில் வளைந்தது. ஃபெட்டு முன்னால் வந்து தாவினாள், எட்டவில்லை. தலையால் தள்ளி உள்ளே போட்டுவிட்டார்கள். சிவப்புப் பக்கம் கூச்சல். நான் கார்களின் பக்கம் ஓடினேன். ஆரணி கார்களைச் சுற்றி நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு? கார்னரா? வெளிய வந்தாளா?"

"வந்தா. எட்டலை."

"காத்து இருக்குப்பா. காத்துல வரக் கூடாது. கோட்டுலயே நிக்கச் சொல்லணும்." சொல்லிவிட்டு மறுபடி நடந்தாள். நின்று, "யாராவது அவகிட்ட சொல்லணும்," என்றாள். "இடைவேளையில. டெப்புக்கு கோல்கீப்பிங் தெரியாது."

"நீயே சொல்லேன்."

அவள் என்னை முறைத்தாள். இடைவேளையில் போய்ச் சொல்லவும் இல்லை. ஆனால் என் போனை வாங்கி, அம்மாவுக்கு அழைத்து, சொல்லவேண்டியதை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். நாற்காலியிலிருந்து எழுந்த சுகந்தி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஃபெட்டுவிடம் கைகளை வீசி வீசி விளக்குவதைத் தூரத்திலிருந்து நாங்கள் இருவரும் பார்த்தோம்.

இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் திருப்பிப் போட்டார்கள். நான் யாரென்று தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தேன். அதற்கு மேல் இரு பக்கமும் கோல் விழவில்லை. ஆட்டம் பெனால்டிக்குப் போனது. அணிக்கு ஐந்து உதை. கோல்கீப்பர் தனியாக நிற்பாள்.

ஆரணி வேலிவரை வந்துவிட்டாள். ஆனால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண் அக்கரைப் பனிமலைகளின் மேல். கை மட்டும் பின்னால் நீண்டு, அம்மாவின் கம்பளிச் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. சுகந்தி நாற்காலியை விட்டு எழுந்து, அசையாமல், சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இப்ப எங்கட. ஏழாம் நம்பர். போட்டாச்சு... இப்ப அவையள். அதுவும் போட்டது... எங்கட. ஐயோ, மேலால போச்சு. பரவாயில்லை... இப்ப அவையள். அந்த உயரமான பிள்ளை. ஓடி வருது... பிடிச்சிட்டாள்! பிடிச்சிட்டாளடி! ரெண்டு கையாலயும்!"

ஆரணி இப்போது கண்ணை இறுக மூடியிருந்தாள். ஆனால் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் முன்னால் ஏதோ சொன்னாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

நான்கு நான்கு உதை முடிந்தபோது இரு அணியும் சமம். எங்கள் ஐந்தாவது பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. சுகந்தி அதைச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே ஆரணிக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவள் திரும்பினாள்.

சிவப்புச் சட்டைக்காரி பந்தை வைத்தாள். ஃபெட்டு கோட்டின் மேல் கைகளை விரித்து நின்றாள். உதை. ஃபெட்டு சரியான பக்கம்தான் பாய்ந்தாள். பந்து அவள் விரல் நுனியில் பட்டு, கம்பத்தின் உட்புறத்தில் மோதி, வலைக்குள் போய் விழுந்தது.

சிவப்புச் சட்டைகள் எங்களைத் தாண்டி ஓடின. எங்கள் பிள்ளைகள் நடுவில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஃபெட்டு கோலுக்குள் குப்புறக் கிடந்தாள். நான் ஆரணியின் முகத்தைத்தான் பார்த்தேன். காரில் அவள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவள் விரும்பியது நடந்திருந்தது.

"சரியான பக்கம்தான் போனா," என்றாள். "ஒரு விரல். ஒரே ஒரு விரல்." குரல் உடைந்தது. வேலிக்கு அடியில் குனிந்து, ஒரு காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நுழைந்து, புல்லில் நொண்டிக்கொண்டு போனாள். சுகந்தி, "காலைப் பாத்து!" என்று கத்தினாள். ஆரணிக்குக் கேட்டிருக்காது.

கோல் வரை போய், ஃபெட்டுவின் பக்கத்தில் கையை ஊன்றித் தொப்பென்று உட்கார்ந்தாள். பட்டை போட்ட கால் நேராக நீட்டியிருந்தது. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஃபெட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஆரணி கையால் காற்றில் ஒரு வளைவு வரைந்து காட்டினாள். ஃபெட்டு தலையாட்டினாள். எழுந்து வரலாம் என்று பார்த்தால் ஆரணியால் எழ முடியவில்லை. ஃபெட்டு கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் சேர்ந்து விழுந்தாள். மற்றவர்கள் ஓடி வந்தார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஆரணியைத் தூக்கி நிறுத்தினார்கள். அழுத முகங்களோடு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பச்சை டிராக்சூட்டை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

பரிசளிப்பு முடிந்து ஆரணி வந்தாள். "வேன்ல போகட்டுமா? ஒரு சீட் இருக்காம்."

"காலை நீட்டி வைக்க இடம் இருக்கோ?" என்றாள் சுகந்தி.

"ஓமா."

"அப்ப போ."

நாலடி போனவள் திரும்பி வந்து, அம்மாவின் தோளில் ஒரு கணம் நெற்றியை முட்டிவிட்டு மறுபடி போனாள்.

எங்களுக்கு அவசரம் இல்லை. ஏரிக்கரையில் காரை நிறுத்தி, ஆறிப்போன தேநீரையும் சம்பல் சாண்ட்விச்சையும் முடித்தோம். மாலை வெயிலில் பனிமலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. நான்தான் இந்த அணியின் பெரிய ரசிகன் என்று ஐந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஆடாமல் போனதும் நான் போவதை நிறுத்திவிட்டேன். அணி எப்படி ஆடுகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு பெண்ணை மட்டும். கூட இருந்த பத்துப் பேரின் பெயரை எழுதச் சொன்னால் பாதிதான் எழுதுவேன். சுகந்திக்குப் பதினொருவர் பெயரும் தெரியும், யார் எந்தக் காலால் உதைப்பாள் என்பதும் தெரியும். அதைச் சொன்னேன்.

"ஏழாம் நம்பர் ரெண்டு காலாலயும் அடிக்கும்," என்றாள்.

ஆக்லாந்திலிருந்து டௌப்போ வருகிறவர்கள் ஏரிக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் வருகிறார்கள். நாங்கள் ஏரியைக் கால் மணி நேரம் பார்த்தோம், வெந்நீரைத் தொடவேயில்லை. இருந்தும் ஊரை விட்டுக் கிளம்பும்போது எதையோ பார்க்காமல் போகிறோம் என்ற குறை இல்லை. காலையிலிருந்து இருந்த அந்தரம் எப்போது போனது என்றும் தெரியவில்லை.

திராவுவில் ஏதாவது சாப்பிடலாம் என்று நிறுத்தினோம். தகரத்தை வளைத்து நாய் வடிவத்திலும் ஆட்டு வடிவத்திலும் கட்டிடங்கள் கட்டி வைத்திருக்கிற சிறிய ஊர் அது. அடுமனையில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்று எட்டு டாலர். வாசல் வரை வரிசை. வரிசையின் முன்பாதி முழுவதும் பச்சை. அவர்கள் வேன் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. ஆரணி நடுவில், ஃபெட்டுவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள். யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் தள்ளிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில் எங்களைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு, வேறு யாரோ இரண்டு பேரைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுகந்தி என் கையைக் கிள்ளினாள்.

"எங்களைத் தெரியாத மாதிரி நிக்கிறாள், பாத்தீங்களே!" என்றாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி ஏழு வாரம் ஆகியிருந்தது. "வாங்கோ, வாங்கோ. அவள் திரும்பிறதுக்கு முதல் போயிடுவம்."

வரிசையை விட்டு ஓசைப்படாமல் நழுவினோம். அதற்கு மேல் எந்தக் கடையிலும் நிற்கத் தோன்றவில்லை. பசியோடுதான் ஆக்லாந்து வந்து சேர்ந்தோம்.